மதுரைல எடுத்த செல்ஃப் டிரைவ் கார், மூணு நாள் ராமநாதபுரம் கடற்கரை, கடைசில புடிச்ச 3,800 ரூபா

முதல்லயே கணக்கச் சொல்லிர்றேன். டெபாசிட் 5,000 கட்டுனோம், திரும்பி வந்தது 1,200. மிச்சம் 3,800க்கு ஒரு துண்டுச்சீட்டு. மணல் க்ளீனிங் 600, இடது கதவுல கோடு 1,500, லேட் ரிட்டர்ன் 500, நாத்தம் 1,200. ஆமா, நாத்தம்னேதான் பேனால எழுதிருந்தாரு. மதுரைல இருக்குற ஒரு செல்ஃப் டிரைவ் ஆபீஸ், பேரு போடல, போட்டு என்ன ஆகப்போகுது, தெருவுக்கு ரெண்டு இருக்கு இந்த மாதிரி, எல்லா எடத்துலயும் இதே சீட்டுதான் அச்சடிச்சு வெச்சிருப்பாங்க போல. ஒத்த ஸ்டார் குத்திட்டுப் போயிருப்பேன், ஆனா சீட்டுல இருக்குற ஒவ்வொரு வரியும் எந்த ஊர்ல எப்பிடி வந்துச்சுன்னு எனக்குத்தான தெரியும், அதச் சொல்லாம வண்டியப் பத்தி மட்டும் எழுதுனா பாதி பொய்யாப் போயிரும்.

நாங்க மூணு பேரு, நான், அம்மா, தம்பி. ஓட்டுனது நான். தம்பிக்கு லைசென்ஸ் இருக்கு தைரியம் இல்ல, அம்மாவுக்கு தைரியம் இருக்கு லைசென்ஸ் இல்ல. ராமேஸ்வரம்னா எங்க வீட்ல ஒரே பாட்டுதான், ராத்திரி பஸ் ஏறணும், 22 தீர்த்தமும் ஆடணும், ஈரத்துணியோட தனுஷ்கோடில போட்டோ எடுத்துட்டு மறுநாள் வீடு. அம்மா அத நாலு தடவ பண்ணியாச்சு. இந்தத் தடவ கோயில் குளம் எதுவும் வேணாம், தொண்டில ஆரம்பிச்சு கடல ஒட்டியே மூக்கையூர் வரைக்கும் ஊரு ஊரா நின்னு நின்னு போவோம்னு சொன்னேன், அம்மா உடனே சரின்னுட்டாங்க. பின்னாடிதான் உறைச்சுச்சு, அம்மாவ வெச்சுக்கிட்டு நின்னு நின்னு போறதுன்னா என்னன்னு. எங்கம்மாவால யார்கிட்டயும் பேச்சு குடுக்காம ஒரு டீக்கடையக் கூட தாண்ட முடியாது.

நாள் வாடகை 1,800, பெட்ரோல் நம்மளது, ஒரு நாளைக்கு 300 கிலோமீட்டர் லிமிட். மொத்தமா ஓடுனதே 540தான், அதனால அந்தப் பக்கம் சண்டை இல்ல. வெள்ளைக் கலர் சின்ன கார், கம்பெனி பேர இழுக்கல, செஞ்சவங்க மேல தப்பு கெடையாது, வெச்சிருந்தவங்க மேலதான் தப்பு. பிரேக் நல்லா புடிச்சுச்சு, மைலேஜ் 17 குடுத்துச்சு, கிளட்ச் கொஞ்சம் ஒசரத்துல, பழகிருச்சு. வண்டியக் குடுக்கும்போது ஆபீஸ்காரரு போன வெச்சு சுத்திச் சுத்தி வீடியோ எடுத்தாரு, அடேங்கப்பா என்ன பொறுப்புன்னு அம்மாவே பாராட்டுனாங்க. அவரு எடுத்தது முழுக்க வெளிப்பக்கம். டிக்கியத் தொறக்கவே இல்ல. இத ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வருது.

தொண்டி ரோடு என்எச் 85, கொச்சில கெளம்பி மூணாறு மலையெல்லாம் ஏறி எறங்கி மதுரைக்கு வந்து கடைசில தொண்டிக் கடல் ஓரம் போயி படுத்துக்குற ரோடு. திருவாடானைக்கு முன்னாடியே ஏசி செத்துருச்சு. முதல்ல வெறும் காத்து வந்துச்சு, அப்புறம் வெந்நிக் காத்து, அப்புறம் அதுவும் இல்ல. போன் பண்ணா அந்த அண்ணன் ரொம்ப சாதாரணமா, "கண்ணாடிய எறக்கிட்டுப் போங்க மேடம், கடல் காத்து சூப்பரா இருக்கும்"னாரு. பங்குனி வெயில்ல மத்தியானம் பன்னண்டு மணிக்கு ராமநாதபுரம் மாவட்டத்துல நின்னுக்கிட்டு இதக் கேட்டா எப்பிடி இருக்கும்.

ஆனா கண்ணாடி எறக்குனதுனாலதான் மிளகா நெடி உள்ள வந்துச்சு. ரோட்டோரக் களத்துல செவப்புப் பாய் விரிச்ச மாதிரி முண்டு வத்தல் காயுது, ஆர்.எஸ்.மங்கலம் பக்கமெல்லாம் இந்த நேரத்துல இப்பிடித்தான். நீட்டு மிளகா இல்ல, குண்டு குண்டா கோலிக்காய் சைஸுக்கு இருக்கும், 2023ல புவிசார் குறியீடு வாங்குன சரக்கு. ஒரு அக்கா தலைல துண்டப் போட்டுக்கிட்டு வெளுத்துப்போன வத்தலத் தனியாப் பொறுக்கிக்கிட்டு இருந்தாங்க. அம்மா எறங்கிட்டாங்க. நான் ஹேண்ட் பிரேக் போடுறதுக்குள்ள ரெண்டு பேரும் சேந்து பொறுக்க ஆரம்பிச்சாச்சு. வெளுத்தது எங்க போகும்னு அம்மா கேட்டதுக்கு அந்தக்கா சிரிச்சுக்கிட்டே, "பொடியா வாங்குறீங்கள்ல, அதுல என்ன கெடக்குன்னு யாரு பாத்தா"ன்னாங்க. அதோட எங்க வீட்ல பாக்கெட் மிளகாப்பொடி நின்னுச்சு. ஒரு கிலோ வாங்குனோம், தம்பி ஒரு தும்மல் தும்முனான் பாருங்க, தேவிபட்டினம் வரைக்கும் நிக்கல. மிளகாயோட சொந்த ஊரே மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கம்தான்னு போனப் பாத்து அவன் வாசிக்கிறான், அந்தக்கா "அப்பிடியா, எங்க தாத்தா காலத்துலருந்து இங்கிட்டுதான் இருக்கு"ன்னு ஒரே போடு.

தொண்டி, திருப்பாலைக்குடி, தேவிபட்டினம் மூணையும் சேத்துச் சொல்லிர்றேன். இந்தப் பக்கக் கடலுக்கு அலையே இல்ல, கம்மாய் மாதிரி கெடக்குது, பாக் ஜலசந்தி. பெண்கடல்னு சொல்றாங்க, தெக்க மன்னார் வளைகுடா பக்கம் ஆண்கடலாம். யாரு முடிவு பண்ணாங்களோ, அம்மா இதுக்கு ஒரு பதில் வெச்சிருக்காங்க, இங்க எழுத முடியாது. தேவிபட்டினத்துல கடலுக்குள்ள நவபாஷாணம், ஒம்பது கல்லு, சுத்தி நடக்க நடைபாதை கட்டிருக்காங்க, கோயில் வேணாம்னு சொன்ன அம்மாவே முதல் ஆளா சுத்துனாங்க. ராத்திரி ராமநாதபுரத்துல லாட்ஜ், கொசு, அவ்ளோதான்.

ரெண்டாம் நாள் பாம்பன். ரோட்டுப் பாலத்துல வண்டிய நிறுத்தக் கூடாதுன்னு போர்டு இருக்கு, போர்டுக்குக் கீழயே நிறுத்தி எல்லாரும் செல்ஃபி எடுக்குறாங்க. நாங்களும் எடுத்தோம், நல்ல புள்ள வேஷமெல்லாம் போடல. 1914ல கட்டுன பழைய ரயில் பாலம் நாங்க போனப்ப துருப்புடிச்சுப் பக்கத்துல நின்னுச்சு, 2025 ஏப்ரல்ல தொறந்த புதுப் பாலம் பளபளன்னு நிக்கிது, கப்பல் வந்தா நடுவுல 72.5 மீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டு அப்பிடியே லிஃப்ட் மாதிரி மேல போகுமாம். தம்பி அது மேல போறதப் பாக்கணும்னு முக்கா மணி நேரம் நின்னான், ஒரு கப்பலும் வரல, காத்துல அவன் தொப்பிதான் போச்சு.

இங்கருந்து சின்னப்பாலம் போங்க. யாரும் போறதில்ல, பாலம் தாண்டுனதும் எல்லா வண்டியும் நேரா ராமேஸ்வரம்தான். நாங்க போனப்ப கரைல கடல்பாசி காயப் போட்டிருந்தாங்க, பக்கத்துல ஒரு அம்மா, அறுபது வயசு இருக்கும், ஒக்காந்து கைவெரல் ஒவ்வொண்ணுலயும் சுத்துற துணிய தொவச்சுக் காயப் போட்டுக்கிட்டு இருந்தாங்க. சின்னச் சின்னத் துண்டு, பழைய வேட்டியக் கிழிச்சது. பாறைல ஒட்டிருக்குற பாசியப் பிச்சு எடுக்குறப்ப வெரல் கிழியாம இருக்கத்தான் அது. சேலைக்கு மேல ஆம்பள சட்டைய மாட்டிக்கிட்டு, கண்ணுக்கு நீச்சல் கண்ணாடி, இடுப்புல பாசி போட வலைப்பை, அம்புட்டுதான் சாமான், சிலிண்டரும் கெடையாது ஒரு எழவும் கெடையாது, மூச்ச அடக்கி முங்கி எடுத்துட்டு மேல வரணும். எம்புட்டு நேரம்மா மூச்ச அடக்குவீங்கன்னு தம்பி கேட்டான், "பாசி கைக்கு வர்ற வரைக்கும்யா"ன்னாங்க. எல்லா நாளும் எறங்க மாட்டாங்களாம், அமாவாச பௌர்ணமிய ஒட்டின நாள்தான், நீரு வத்தணும்ல. "இன்னும் ரெண்டு மூணு நாள்ல அமாவாச வருது, நாளன்னிக்கு எறங்குவோம், இரு பாத்துட்டுப் போ"ன்னு அம்மாவ அவங்க வீட்லயே தங்கச் சொல்லிட்டாங்க. அம்மாவும் தங்குற ஐடியாவுலதான் இருந்தாங்க, வாடகை 1,800 ஓடுதுன்னு நாந்தான் இழுத்துட்டு வந்தேன்.

மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசின்னு எடுத்துக் காட்டுனாங்க. மரிக்கொழுந்து கைல பிரஷ் மாதிரி சொரசொரன்னு இருக்கு, ஊர்ல பூக்கடைல விக்கிறதுக்கும் இதுக்கும் பேருல மட்டும்தான் சொந்தம். இதுலருந்துதான் அகர்னு கெட்டியா உறைய வெக்கிற பொருள் எடுப்பாங்களாம், ஜெல்லி, ஐஸ்கிரீம், மருந்து எல்லாத்துக்கும் போகுது. எதுத்தாப்ல தெரியுற தீவெல்லாம் தேசியப் பூங்கா, இங்கருந்து தூத்துக்குடி வரைக்கும் 21 தீவு, 1986லயே அறிவிச்சது. தீவுப் பக்கம் போனா ஃபாரஸ்ட்காரங்க புடிப்பாங்களாம். "எங்கம்மா முங்குன எடத்துல நான் முங்குறேன், இதுல பூங்கா எங்கருந்து வந்துச்சு"ன்னு கேட்டாங்க. தீவும் பவளப்பாறையும் பொழைக்கணும்கிறதும் நெசம், அவங்க கேக்குறதும் நெசம், எனக்கு வாய் வரல. கெளம்பும்போது அம்மா கைல ஒரு கொத்து காஞ்ச பாசியத் திணிச்சு, கஞ்சி காய்ச்சுற முறையும் சொல்லி விட்டாங்க. அது இன்னும் எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் மேலயே இருக்கு, யாருக்கும் தைரியம் வரல.

இப்ப 600 ரூபாக்கு வருவோம். தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயல்ல போன ஊரு, ரயிலோட சேத்து கடல் தூக்கிட்டுப் போனது எல்லாருக்கும் தெரியும். முன்னாடியெல்லாம் மணல்ல ஜீப்புல ஆடிக்கிட்டுதான் போகணும், 2017லருந்து அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு, ரெண்டு பக்கமும் கடல். ரோடு நல்ல ரோடு, ஆனா ரோட்ட விட்டு ரெண்டடி எறங்குனா பழைய தனுஷ்கோடிதான், அது எனக்குத் தெரியாது. இடிஞ்ச சர்ச் தாண்டி பூநாரைக் கூட்டம் தெரியுதுன்னு தம்பி கத்துனான், இந்த சீசன்ல வருமாம், 2025ல அந்த எடத்தயே சரணாலயம் ஆக்கிட்டாங்க. நான் ஓரங்கட்டுனேன். இடது டயரு ரெண்டும் உள்ள போயிருச்சு. எல்லாரும் பண்ற தப்பத்தான் நானும் பண்ணேன், ஆக்சிலரேட்டர மிதிச்சேன், வண்டி ஒட்டகம் மாதிரி இன்னும் நல்லா ஒக்காந்துக்கிச்சு.

குடிசைப் பக்கத்துலருந்து நாலு பேரு வந்தாங்க, அவசரமே இல்லாம, தெனம் பாக்குற கூத்துதான போலருக்கு. "அக்கா நீங்க எறங்க வேணாம், நாஞ் சொல்றப்ப மட்டும் லேசா குடுங்க, முறிக்காதீங்க"ன்னு ஒரு தம்பி சொன்னாப்ல. இன்னொருத்தரு டயருல இருந்து கொஞ்சம் காத்த எறக்குனாரு, நான் பதறிட்டேன், "பயப்படாதீங்க, மணல்ல டயரு அகலமா ஒக்காரணும், அப்பத்தான் ஏறும்"னாரு. கைலயே மணலத் தோண்டி, கிழிஞ்ச பழைய வலைய மடிச்சு டயருக்கு அடியில செருகுனாங்க, அதுக்கு மேல தென்னமட்ட. ரெண்டே தள்ளு. ரோட்டுக்கு வந்துருச்சு. வண்டிக்குள்ள எம்புட்டு மணலு வந்துச்சுன்னா, பின் சீட்ல அம்மா மடியில ஒரு கைப்புடி இருந்துச்சு.

காசு குடுத்தா வாங்கல. அதுல வயசான ஒரு ஐயா மட்டும் தயங்கித் தயங்கி, "வண்டில போனுக்கு சார்ஜ் போட முடியுமா தாயி, நேத்துலருந்து செத்துக் கெடக்கு"ன்னு கேட்டாரு. இதுக்காவது ஒதவுவோம்னு பாத்தா வண்டில யூஎஸ்பி வேல செய்யல. ஏசி செத்ததுக்குக் கூட நான் இவ்ளோ கோவப்படல. தம்பியோட பவர் பேங்க்ல போட்டுட்டு அவரு போன்ல பத்து பர்சென்ட் ஏறுற வரைக்கும் அங்கயே ஒக்காந்திருந்தோம். அந்த நேரத்துல ஒரு பொண்ணு கடலுக்கு முப்பது நாப்பது அடி தள்ளி மணல்ல தோண்டி வெச்சிருந்த குழியிலருந்து செரட்டையால தண்ணி மோந்து குடத்துல ஊத்திக்கிட்டு இருந்துச்சு, அம்மா வாங்கிக் குடிச்சுட்டு என்னயக் கூப்புட்டாங்க. உப்பே இல்ல. ரெண்டு பக்கமும் உப்புக்கடல், நடுவுல நல்ல தண்ணி. மழத்தண்ணி மணலுக்குள்ள எறங்கி உப்புத்தண்ணிக்கு மேல மெதக்குமாம், ஆழமாத் தோண்டிட்டா கெட்டுப்போயிருமாம், அதனால கொஞ்சமாத்தான் தோண்டணும்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. அப்புறம் ராமேஸ்வரம் வந்து டயருக்கு காத்து புடிச்சோம். 600 ரூபா க்ளீனிங்னு எழுதுன அண்ணே, மணல தம்பி சீமாத்துலயே கூட்டி எடுத்துட்டான், நீங்க பாத்தது சீட்டுக்கு அடியில இருந்த ஒரு ஸ்பூன்.

மூணாம் நாள்தான் மெயின். மண்டபம் தாண்டி தெக்குப் பக்கம் ஒடிச்சு வேதாளை, புதுமடம், பெரியபட்டினம்னு உள்ரோட்டுல கீழக்கரை. ஈசிஆர்ல போனா சீக்கிரம் போயிரலாம், ஆனா ஒண்ணும் பாக்க முடியாது. கீழக்கரைல தெருவெல்லாம் எங்க அம்மா போடுற தலைப் பின்னல் மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணு போகுது, ரெண்டு தடவ ஒரே வீட்டு வாசல்ல வந்து நின்னேன். ரெண்டாவது தடவ அந்த வீட்டு அம்மாவே வெளிய வந்துட்டாங்க. "என்னம்மா, யாரத் தேடுறீங்க?" தொதல்ங்கிற இனிப்பு எங்க கெடைக்கும்னு அம்மா கேட்டாங்க, எங்கெங்கயோ தேடுன ஆளுக்கு வாசல்லயே கெடச்சுருச்சு, அவங்களே ஆர்டருக்கு செய்றவங்களாம்.

உள்ள கூட்டிட்டுப் போயி ஒக்கார வெச்சாங்க. அடுப்புல பெரிய சட்டி, தேங்காப்பாலும் கருப்பட்டியும் அரிசிமாவும், கரண்டி நிக்காம கிண்டணும், விட்டா அடி புடிச்சுரும், எண்ண பிரிஞ்சு ஓரத்துல கருகருன்னு மினுங்குற வரைக்கும் மணிக்கணக்கா கிண்டணும். பக்கத்து வீட்டுப் பொண்ணு "லாத்தா நான் கொஞ்ச நேரம் கிண்டுறேன்"னு வந்து கரண்டிய வாங்குச்சு. ஒரு துண்ட வாழ இலைல வெச்சு அம்மாகிட்ட நீட்டி, "எனக்கு நோன்பு, நான் ருசி பாக்க முடியாது, நீங்க சாப்புட்டு இனிப்பு சரியா இருக்கான்னு சொல்லுங்க"ன்னாங்க. அம்மா வாய்ல போட்டுட்டு ஒரு நிமிஷம் பேசல. எங்கம்மா ஒரு நிமிஷம் பேசாம இருந்தத நாங்க பாத்ததில்ல. அப்புறம், "ஒரு கல்லு உப்பு போடலாமோ"ன்னாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு, நோன்புக்காரங்க கிண்டுனதுல போயி கொற சொல்றாங்களேன்னு. ஆனா அந்தம்மா, "பாத்தியா, காலைலருந்து மனசுல அதான் ஒறுத்துக்கிட்டு இருந்துச்சு, உப்ப மறந்துட்டேன்"னு தலைல கை வெச்சுக்கிட்டாங்க. போட்டாச்சு. ஒரு கிலோ குடுத்தாங்க, அதுக்கு மேல கால் கிலோ சும்மா. செத்தும் கொடை குடுத்த சீதக்காதி பொறந்த ஊரு இது, உசுரோட இருக்குற எங்க ஆபீஸ்காரரு கட்டுன டெபாசிட்டயே குடுக்க மாட்டேங்குறாரு.

அங்க பழைய ஜும்மா பள்ளிவாசலையும் வெளியருந்து பாத்தோம், கல்தூணெல்லாம் நம்ம கோயில் மண்டபம் மாதிரியே இருக்கு. ஏர்வாடில தர்கா கூட்டம், நிக்கல.

வாலிநோக்கம் தாண்டி மாரியூர் பக்கம் உப்பளம் பாக்கப் போனதுல வந்தது அந்த 1,500. குறுக்கு ரோடு, ரெண்டு பக்கமும் சீமக்கருவேலம் சொவரு மாதிரி, எதுக்க கரி மூட்ட ஏத்துன லாரி. லாரி நிக்காது, நாந்தான் ஒதுங்கணும். ஒதுங்குனேன், முள்ளு கர்ர்ருன்னு முன் கதவுலருந்து பின் கதவு வரைக்கும் ஒரு கையெழுத்துப் போட்டுருச்சு. அந்த முள்ளுக்கும் பூர்வீகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்காப் பக்கம்தான்னு தம்பி மறுபடியும் போனோட ஆரம்பிச்சான், மிளகாயும் அங்கிட்டு இருந்து, முள்ளும் அங்கிட்டு இருந்து, நம்ம எதத்தான் வெச்சிருந்தோம்னு அம்மா கேட்டாங்க. நியாயமான கேள்வி. கொஞ்சம் தள்ளி கரிமூட்டம் போடுற ஒரு அண்ணன், மொகமெல்லாம் கரி, பல்லு மட்டும் வெள்ளையா, வந்து கோட்ட வெரலால தடவிப் பாத்துட்டு "பாதி தேச்சா போயிரும்"னாரு. இந்த மரத்த எல்லாரும் திட்டுறாங்களேண்ணே, தண்ணிய உறிஞ்சுது, நெலத்தக் கெடுக்குதுன்னு கேட்டேன். "திட்டட்டும். மழ இல்லாத வருசம் யாரு சோறு போட்டா, இந்த முள்ளுதான போட்டுச்சு." வெறக அடுக்கி மேல வைக்கோலும் மண்ணும் பூசி மூடி, உள்ள மட்டும் நெருப்பு விட்டு நாள் கணக்கா பொகைய விடணும், ஒரு ஓட்ட விழுந்தாலும் காத்து புகுந்து எல்லாம் சாம்பலாயிரும், அதனால ராத்திரியும் முழிச்சுப் பாத்துக்கிட்டே கெடக்கணுமாம். அவரு குடுத்த பழைய துணியும் நம்ம தேங்காண்ணையும் வெச்சுத் தேச்சோம், பாதி போச்சு. மிச்சப் பாதிக்குத்தான் 1,500.

சாயல்குடி போயி தெக்க எறங்குனா மூக்கையூர். துறைமுகம், யாகப்பர் கோயில்ங்கிற சர்ச், சாயங்கால வெயில்ல கடல் நல்ல நீலம், பாத்துட்டுத் திரும்புறோம். ஊரு முனைல ஒரு பாட்டி பெரிய ஓலக்கூடையோட நிக்கிறாங்க, கழுத்துல ஜெபமால. அம்மா "நிறுத்து"ன்னாங்க. அம்மா நிறுத்துன்னா நிறுத்தணும். சாயல்குடில மக வீட்டுக்குப் போறாங்களாம், மறுநாள் சந்தைல கருவாடு விக்கணும். பஸ் வரலையான்னு கேட்டதுக்கு, "பஸ்ஸு வந்துச்சு ஆத்தா. பொம்பளைக்கு ஓசிதான். எனக்கு ஓசி, என் கூடைக்கு எடமில்லைங்குறான்"னாங்க. கூட டிக்கில ஏறுச்சு. நெத்திலி, வாள, அதுக்கு மேல முழுசா காயாத திருக்கை, உப்புத்தண்ணி சொட்டிக்கிட்டு இருந்துச்சு, அத நான் பாத்தேன், பாத்துட்டும் மூடுனேன், அத ஒத்துக்குறேன்.

நாலு கிலோமீட்டர் போயிருக்க மாட்டோம், முன் டயரு பஞ்சர். அதே கருவேல முள்ளுதான். சரி ஸ்டெப்னி இருக்கேன்னு கூடைய எறக்கி, டிக்கி பாய தூக்கி எடுத்தா, ஸ்டெப்னில காத்தே இல்ல. பொத்துன்னு இருக்கு, இட்லி மாதிரி. ஜாக்கி இருக்கு, சுத்துற கம்பி இல்ல. ஆபீஸ்காரரு போன எடுக்கல. தம்பி யூடியூப் பாத்துக்கிட்டு இருக்கான், சிக்னல் ஒரு கோடு.

டிவிஎஸ் எக்ஸெல்ல ரெண்டு பக்கமும் குடம் கட்டிக்கிட்டு ஒரு பனையேறி அண்ணன் வந்தாரு. நின்னாரு, பாத்தாரு, ஒண்ணும் கேக்கல. பக்கத்துத் தோட்டத்துக்குப் போயி ஒரு கம்பியும் நாலு கல்லும் எடுத்துட்டு வந்து பத்து நிமிஷத்துல டயரக் கழட்டிட்டாரு. ஒரு குடத்த எறக்கி எங்ககிட்ட வெச்சுட்டு அந்த எடத்துல டயரக் கட்டி, தம்பியப் பின்னாடி ஏத்திக்கிட்டு சாயல்குடிக்குப் போயிட்டாரு. போறப்ப, "குடத்துல பதினிதான், தாகமா இருந்தா குடிங்க, பட்டை அங்க கெடக்கு." பனையோலைய மடிச்சுப் புடிச்சு, ரெண்டு கைலயும் ஏந்தி, ஒரு பக்கமா வாய வெச்சுக் குடிக்கணும். எனக்குப் பாதி கழுத்து வழியாப் போச்சு. கலயத்துல சுண்ணாம்பு தடவி எறக்குனது, அதான் புளிக்கல, அடில லேசா அந்தச் சுண்ணாம்பு வாசம். ஏசி இல்லாம மூணு நாள் வெந்ததுக்கு அந்த ஒரு பட்டை போதும்.

அந்த ஒண்ணேகால் மணி நேரத்துல பாட்டி சும்மா இருக்கல. பனைக்கு அடியில கூடைய விரிச்சாச்சு. வண்டி நிக்கிதேன்னு பாக்க வர்றவங்க எல்லாம் கருவாடு வாங்கிட்டுப் போறாங்க. அம்மா பக்கத்துல ஒக்காந்து எடை போட்டுக் குடுக்குறாங்க. நடுநடுவுல அம்மாவுக்குப் பாடம் வேற, "வெரல வெச்சு அமுக்கிப் பாரு, குழி விழுந்தா காயல. மணல்ல காயப்போட்டா பல்லுல நறநறன்னும், வலைல காயப்போட்டத கேட்டு வாங்கு. ஈ ஒக்காரலைன்னா வாங்காத, மருந்தடிச்சது." டயரு வந்து சேர்றதுக்குள்ள முக்காக் கூட காலி. மறுநாள் சந்தைக்குப் போற வேலயே கொறஞ்சு போச்சுன்னு பாட்டிக்கு ஒரே சந்தோஷம். பஞ்சருக்கும் காத்துக்கும் 150 ஆச்சு. பனையேறி அண்ணன் பெட்ரோலுக்கு 50 மட்டும் எடுத்துக்கிட்டாரு, பதினிக்கு வேணாம்னுட்டாரு. சாயல்குடில எறங்குறப்ப பாட்டி சுருக்குப்பையிலருந்து பத்து ரூபா எடுத்து என் கைல வெச்சு, வேணாம்னா கோவிச்சுக்கிட்டு, கூடவே அரைக் கிலோ திருக்கையையும் சீட்டு மேல வெச்சுட்டுப் போயிட்டாங்க.

கமுதி வழியா மதுரை வந்தப்ப ராத்திரி பத்தர, எட்டரைக்குக் குடுக்க வேண்டியது. அந்த ரெண்டு மணி நேரத்துக்கு 500. ஸ்டெப்னில காத்து இருந்திருந்தா இம்புட்டு லேட்டாயிருக்காதுன்னேன், "அது கஸ்டமர் செக் பண்ணிருக்கணும் மேடம்"னாரு. பஞ்சர் 150ஐயும் தரல. அதனால எடுக்கப் போறவங்க டிக்கியத் தொறந்து ஸ்டெப்னிய வெரலால அமுக்கிப் பாருங்க, பாட்டி கருவாட்ட அமுக்குற மாதிரி. ஜாக்கி கம்பி இருக்கான்னு கேளுங்க, ஏசிய கால் மணி நேரம் ஓட விடுங்க, போன வெச்சு யூஎஸ்பி பாருங்க, நீங்களும் ஒரு வீடியோ எடுங்க. வண்டிக்கு ரெண்டு ஸ்டார், அதுவும் பிரேக்குக்காக. ஆபீஸுக்கு ஒண்ணு.

நாத்தத்துக்கு 1,200ங்கிறத மட்டும் நான் சண்ட போடல. அவரு டிக்கியத் தொறந்தாரு, ஒரு அடி பின்னாடி போனாரு. மூணு நாள்ல அவரு டிக்கியத் தொறந்தது அதான் முதல் தடவ. மூக்கப் பொத்திக்கிட்டு, "என்னம்மா இது?"ன்னாரு. "திருக்கை தம்பி, மூக்கையூர் சரக்கு, வலைல காஞ்சது"ன்னு அம்மா பெருமையா சொல்லி, பேப்பர்ல கால் கிலோ மடிச்சு நீட்டுனாங்க. வாங்கிப் பிரிச்சு மோந்து பாத்தாரு, மடிச்சு மேச டிராயருக்குள்ள வெச்சாரு, அப்புறம்தான் பேனாவ எடுத்து 1,200ன்னு எழுதுனாரு.